ரத்தமும் வசவும் படுக்கையறையும்: சிங்கப்பூரில் தமிழ்க் குறும்படம் எடுப்போருக்கு ஒரு கையேடு

ஈசூனில் ஒரு மூவறை வீடு. சமையலறையில் கணவன் மனைவியை அடிக்கிறான். உங்கள் கதைக்கு இந்தக் காட்சி தேவை. அதை எப்படி எடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், யார் பார்க்க எடுக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பார்க்க வேண்டுமென்றால் ஒரு விதமாக எடுக்க வேண்டும். திரைப்பட விழாவுக்கு வரும் பெரியவர்களுக்கு வேறு விதமாக எடுக்கலாம். இந்த முடிவை எடுக்காமலேயே படப்பிடிப்புக்குப் போய்விடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. படம் முடிந்த பிறகு, எந்த வயதினர் பார்க்கலாம் என்ற வகைப்பாடு எதிர்பார்த்ததைவிட உயர்ந்து வரும். அவசரமாக வெட்டுவார்கள். வெட்டியதும் காட்சி நொண்டும்.

வகைப்பாட்டை முதலில் முடிவு செய்யுங்கள்

சிங்கப்பூரில் 1991 வரை படங்களுக்கு வயது வகைப்பாடு கிடையாது. அனுமதி, வெட்டு, தடை என்ற மூன்றுதான் இருந்தன. அந்த ஆண்டு வயதுப் பிரிவு வந்தது. பிறகு 1993இல் என்சி16, 2004இல் எம்18, ஆர்21, 2011இல் பிஜி13 என்று படிகள் கூடின. இன்று ஜி (அனைவருக்கும்), பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு), பிஜி13 (13 வயதுக்குக் கீழ் பெற்றோர் வழிகாட்டலோடு), என்சி16, எம்18, ஆர்21 என ஆறு; கடைசி மூன்றில் உள்ள எண்ணே குறைந்தபட்ச வயது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இவற்றை வழங்குகிறது. எந்த வகைப்பாட்டுக்குள்ளும் அடங்காத படம் திரையிட முடியாத பட்டியலுக்குப் போகும்.

இந்த ஆறில் நடைமுறைக்கு முக்கியமான எல்லைக்கோடு பிஜி13க்கும் என்சி16க்கும் நடுவே ஓடுகிறது. பிஜி13 வரை வருவது பெற்றோருக்கான அறிவுரை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உள்ளே போகலாம். என்சி16 தொடங்கி அது சட்டம். வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்கள். பெற்றோர் மடியில் இருக்கும் கைக்குழந்தைக்கும் அனுமதி இல்லை. குடும்பத்தோடு வருவதே வழக்கமான நம் சமூகத்தில், ஒரு சமூக மன்றத் திரையிடலில் பாதிக் கூட்டம் இதனால் திரும்பிப் போக நேரலாம். வசந்தம் போன்ற இலவசத் தொலைக்காட்சியில் வர வேண்டும் என்பது ஆசையென்றால் பிஜி13ஐத் தாண்ட வேண்டாம். இணையவழிக் கட்டணச் சேவைகளில் ஆர்21 படங்களும் இருக்கலாம், ஆனால் கடவெண் பூட்டுக்குப் பின்னால்தான்.

இந்தியத் தணிக்கை வாரியம் தந்த சான்றிதழ் இங்கே செல்லாது. அங்கே ‘யுஏ’ வாங்கிய படம் இங்கே என்சி16 ஆவது சாதாரணம். ஆகவே ‘அந்தப் படத்தில் இதைவிட அதிகம் இருந்ததே’ என்று சென்னைப் படங்களை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மதிப்பிடுபவர்கள் கரு, வன்முறை, பாலியல், நிர்வாணம், மொழி, போதைப்பொருள், திகில் ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எடைபோடுவது நான்கு விஷயங்களை: எவ்வளவு விவரமாகக் காட்டுகிறீர்கள், எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்தச் சூழலில். இந்த நான்கையும் மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் பார்ப்பவர் ஒரு காட்சியை நம்புவதற்கு முதல் மூன்றும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அடி விழுந்ததை நம்ப வைப்பது அடிக்குப் பின் வரும் பத்து நொடிகள். அவள் கீழே விழுந்த கரண்டியை எடுத்துக் கழுவி மாட்டுகிறாள், அவன் தன் கை எலும்பைத் தடவிக்கொள்கிறான், பக்கத்து அறையில் தொலைக்காட்சிச் சத்தம் கூடுகிறது. இவற்றை எந்த வகைப்பாட்டிலும் வைக்கலாம்.

கதைப்பிரதி கையில் வந்ததும் நான்கு வண்ணப் பேனாக்களோடு உட்காருங்கள். வன்முறைக்குச் சிவப்பு, பாலியலுக்கு நீலம், வசவுக்குப் பச்சை, புகை, மது, போதைக்குக் கறுப்பு. கோடு போட்டு முடித்த பிறகு ஓரத்தில் எண்ணிக்கை எழுதுங்கள்: எத்தனை அடி, எத்தனை முறை ரத்தம், எந்தச் சொல் எத்தனை தடவை. இருபது பக்கப் பிரதியில் ஒரே வண்ணம் பதினைந்து இடத்தில் வந்தால், எண்ணிக்கையே உங்கள் வகைப்பாட்டை முடிவு செய்துவிடும். எந்த மூன்று இடங்கள் இல்லாமல் கதை நகராது என்று பாருங்கள். மற்றவை பழக்கதோஷத்தால் வந்தவையாகவே இருக்கும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சில கதைகளுக்கு எம்18தான் சரியான இடம். வன்புணர்ச்சியால் பாதிக்கப்பட்டவரைப் பற்றிய படத்தைப் பிஜி13க்குள் திணிக்கப் பார்த்தால், அவருக்கு நேர்ந்தது ஒரு மனவருத்தம் போலத் தெரியும். அது அவருக்குச் செய்யும் அநியாயம். அப்படிப்பட்ட கதையில் உயர்ந்த வகைப்பாட்டைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

இனம், மதம் இரண்டிலும் வயதுப் பிரிவு காப்பாற்றாது. ஓர் இனத்தையோ மதத்தையோ இழிவுபடுத்துவதாகக் கருதப்படும் படம் எந்த வயதினருக்கும் அனுமதி பெறாது. சாதி வெறியைக் காட்டும் படமென்றால், வெறி பேசும் பாத்திரத்துக்குப் பதில் சொல்லும் குரலோ நிகழ்வோ படத்துக்குள்ளேயே இருக்கட்டும். பார்ப்பவர்களே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். ஒருபால் உறவு பற்றிய படங்களுக்கும் வகைப்பாடு உயரும். 2022இல் குழந்தைகளுக்கான ஓர் அனிமேஷன் படமே ஒரு சிறு முத்தத்துக்காக என்சி16 பெற்றது.

அடி

நிஜச் சண்டை சினிமாச் சண்டை போல இருக்காது. பழக்கமில்லாத இருவர் அடித்துக்கொண்டால் அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்கும். குத்துகளில் பாதி படாது. சட்டையைப் பிடித்து இழுப்பதும் சுவரில் தள்ளுவதுமே அதிகம். குத்தியவன் கைதான் முதலில் வீங்கும். இதை அப்படியே எடுத்தால் நம்பகம் கூடும், வகைப்பாட்டுக்கும் சுமை குறையும்.

அறைவதை எடுக்கும் முறை இது. இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டும். அறை வாங்குபவர் லேசாகத் தலையசைத்த பிறகே கை கிளம்ப வேண்டும். கட்டுப்பாடு எப்போதும் அடிவாங்குபவரிடம். கை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிக் கடந்துபோகும். கேமரா இருவரில் ஒருவரின் தோளுக்குப் பின்னால், அந்த இடைவெளி தெரியாத கோணத்தில் நிற்க வேண்டும். 85 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் தூரம் சுருங்கி இடைவெளி மறையும். 24 போட்டால் காட்டிக்கொடுத்துவிடும். ஒத்திகையைக் கால் வேகத்தில் ஐந்து முறையும் அரை வேகத்தில் ஐந்து முறையும் செய்யுங்கள். கேமரா ஓடும்போதும் முக்கால் வேகம் போதும். படத்தொகுப்பில் கை கடக்கும் இடத்தில் இரண்டு அல்லது மூன்று ஃபிரேம் எடுத்துவிட்டால் முழு வேகம் வந்துவிடும்.

தலைமுடியைப் பிடித்து இழுக்கும் காட்சியில் பலர் நிஜமாகவே இழுத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். தாக்குபவர் மூடிய முட்டியை உச்சந்தலையில் வைத்தால் போதும். பாதிக்கப்படுபவர் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் தலையோடு அழுத்திக்கொள்வார். எந்தப் பக்கம் போவது என்பதை அவரே முடிவு செய்வார். பார்ப்பவருக்கு அவர் விடுபடப் போராடுவது போலத் தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் கெட்டித் தரை இரக்கமில்லாதது. விழும் காட்சியில் சேலைக்கும் காற்சட்டைக்கும் உள்ளே முழங்கால் காப்பு, சட்டகத்துக்கு வெளியே தடித்த மெத்தை இரண்டும் கட்டாயம்.

இனி ரத்தம். கோல்டன் சிரப் 240 மில்லிலிட்டர், தண்ணீர் 60, சிவப்புத் திரவ உணவுச் சாயம் 20 மில்லி, கோக்கோத் தூள் ஒரு மேசைக்கரண்டி, நீலச் சாயம் இரண்டே சொட்டு. கோக்கோவை முதலில் வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள், நேராகப் போட்டால் கட்டி தட்டும். கோக்கோ எதற்கு? சிரப் கண்ணாடி போல ஒளியை விடும், ரத்தம் விடாது. நீலம் எதற்கு? சிரப்பின் மஞ்சள் சிவப்போடு சேர்ந்து ஆரஞ்சாகும், அதை அடக்க. இந்தக் கலவை கறையை விடும், எறும்பையும் அழைக்கும். சட்டைக்கான பாட்டிலில் மட்டும் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் துவைக்கும்போது ஓரளவு போகும். ‘வாய்க்கு’, ‘துணிக்கு’ என்று இரண்டு பாட்டிலிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். இரண்டும் மாறிப்போனால் நடிகர் சோப்பை விழுங்குவார்.

புதியவர்கள் ரத்தத்தை அள்ளி ஊற்றுகிறார்கள். மூக்கில் வழிய 2 அல்லது 3 மில்லி போதும். புருவம் கிழிந்தால் 10. மேலே சொன்ன அளவில் ஒரு முறை கலக்கினால் ஒரு குறும்படத்துக்குப் போதும். சிங்கப்பூரின் வெக்கையில் சிரப் இளகி விரைவாக வழியும். குளிர்பெட்டியில் வைத்திருந்து டேக் தொடங்குவதற்குச் சற்று முன் பூசுங்கள். கதையில் அரை மணி நேரம் கடந்திருந்தால் நிறமும் கடந்திருக்க வேண்டும். காயும் ரத்தம் பழுப்பாகும், இன்ஸ்டன்ட் காப்பித் தூள் கலந்தால் அது வரும். ஒரே சட்டையில் மூன்று வாங்கி வையுங்கள். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் தொடர்ச்சி தப்பாது.

கன்றிப்போன காயத்தில் பெரும்பாலான ஒப்பனை பிழையாகிறது. கடையில் கிடைக்கும் ஒப்பனைத் தட்டுகளும் இணையப் பாடங்களும் வெளுத்த தோலுக்கானவை. நம் தோலில் புதுக்காயத்தின் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. முதல் சில மணி நேரத்தில் தெரிவது வீக்கமும் அதன் மேல் விழும் பளபளப்பும்தான். ஒன்றிரண்டு நாளில் நாவற்பழ நிறம் வரும். ஒரு வாரம் நெருங்கும்போது ஓரங்களில் பச்சையும் கடுகு மஞ்சளும் எட்டிப்பார்க்கும். இரண்டு வாரத்தில் மறையத் தொடங்கும். எனவே மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கருஞ்சிவப்பு, நாவல், கடுகு மஞ்சள் மூன்றும் போதும். ரோஜா நிறம் வேண்டாம். வட்டமாகப் பூசாதீர்கள். கன்ன எலும்பு, புருவ எலும்பு போன்ற மேட்டில் அடர்த்தியாகவும் கண்ணுக்குக் கீழுள்ள பள்ளத்தில் பரவலாகவும் இருக்கட்டும். காட்சி ஐந்தில் திங்கள்கிழமை, காட்சி எட்டில் வெள்ளிக்கிழமை என்றால் காயமும் வெள்ளிக்கிழமைக்கு வந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கிற ஒரு தாதியோ சமூகப் பணியாளரோ உங்கள் படத்தை அந்தக் கணமே நம்பத் தொடங்கிவிடுவார்.

ஒலியும் வன்முறையாகவே கணக்கில் சேரும். திரையில் எதுவும் காட்டாமல் எலும்பு முறியும் சத்தத்தை மட்டும் பெரிதாக வைத்தாலும் தாக்கம் கூடும், வகைப்பாடும் ஏறலாம். நிஜ அடியின் சத்தம் மந்தமானது. ஈரத் துண்டை மரப்பலகையில் அடித்தால் கிடைக்கும். எலும்புக்குத் தேக்காவில் வாங்கிய பச்சை முருங்கைக்காயை மைக்குக்கு அருகில் ஒடியுங்கள். வாடிய காய் ஒடியாது, வளையும், அன்றன்று வாங்குங்கள். இந்த ஒலிகளைத் தனித் தடத்தில் வைத்திருங்கள். பிறகு குறைக்கச் சொன்னால் அதை மட்டும் குறைக்க முடியும்.

வசவு

இங்கே வளர்ந்த இளைஞர்கள் மதுரைப் படத்து வசவைப் பேசுவதில்லை. தமிழில் தொடங்கி, ஆங்கிலத்தில் ஒரு சொல், ஹொக்கியனில் ஒன்று, மலாயில் ஒன்று என்று கலந்து, நடுவில் ‘டேய் மச்சான்’, கடைசியில் ‘லா’. புளோக்கின் கீழ்த்தளத்தில் கேட்கிற இந்தக் கலவையை எழுதினாலே பாத்திரம் உயிர்பெறும். கெட்ட வார்த்தைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டிய அவசியம் வராது. எந்த மொழியில் இருந்தாலும் வசவு வசவாகவே எடைபோடப்படும். ஹொக்கியனில் திட்டினால் தப்பிக்கலாம் என்பது பொய்க்கணக்கு. தெய்வத்தையோ ஒருவர் மதத்தையோ இழுத்துத் திட்டுவது வெறும் வசவைவிடக் கடுமையாகப் பார்க்கப்படும்.

பொதுவாக பிஜி13க்குள் வசவு அரிதாகத்தான் வரலாம். கடுஞ்சொற்கள் பல வேண்டுமென்றால் என்சி16க்குப் போங்கள். அங்கேயும் மூச்சுக்கு ஒன்றாக வந்தால் இன்னும் மேலே தள்ளும். முப்பது இடத்தில் ஒரே சொல் வந்தால் நான்காவது தடவையிலேயே அது செத்துவிடும். அதுவரை ஒரு கெட்ட வார்த்தையும் பேசாத அப்பா, படத்தின் இருபதாவது நிமிடத்தில் மகளைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னால் அரங்கு உறையும்.

ஆங்கிலத் துணைவசனத்தில் கவனம் வேண்டும். இங்கே கூடும் பார்வையாளர்களில் பலர் அதைத்தான் படிப்பார்கள். ‘சனியனே’ என்று பாட்டி சலித்துக்கொள்வதை மொழிபெயர்ப்பவர் கடும் ஆங்கில வசவாக எழுதிவிட்டால், படத்தில் இல்லாத கடுஞ்சொல் உங்கள் கணக்கில் ஏறும். சொல்லின் பொருளோடு அதன் சூட்டையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். முடிந்த துணைவசனக் கோப்பைத் தமிழ் தெரிந்த வேறொருவர் ஒரு முறை படிக்கட்டும்.

ஒரு சொல்லை ஒலி நீக்கினால் காதில் ஓட்டை விழுந்தது போலிருக்கும். காரணம், பேச்சோடு அறையின் ஒலியும் சேர்ந்து போய்விடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, 60 நொடி வெற்று ஒலியைப் பதிவு செய்யுங்கள். சொல்லை எடுத்த இடத்தில் அதை நிரப்பினால் ஓட்டை தெரியாது. இன்னும் நல்ல வழி, கடுஞ்சொல் வரும் கணத்தில் பேசுபவர் திரும்பி நிற்கும்படி ஒரு ஷாட் எடுத்து வைப்பது. உதடு தெரியாததால் வேறு சொல்லைப் பின்னர் பதிந்து வைக்கலாம். அந்த மாற்றுச் சொல்லைப் படப்பிடிப்பு நாளிலேயே, அதே இடத்தில், அதே மூச்சிரைப்போடு ஐந்து முறை பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒலிக்கூடத்தில் அந்தக் கோபம் திரும்ப வராது.

படுக்கையறை

பாட்டி கூடத்தில் படுத்திருக்கிற வீட்டில் ஒரு தம்பதியின் நெருக்கம் எப்படி இருக்கும்? கதவுத் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போடுவார்கள். மின்விசிறியை ஒரு படி கூட்டுவார்கள். பேச்சு கிசுகிசுப்பாகும். நடுவில் பாட்டி இருமினால் இருவரும் உறைந்து, பிறகு சத்தமில்லாமல் சிரிப்பார்கள். எந்த ஆடையும் விலகாமல் இவர்கள் கணவன் மனைவி என்று நம்பிவிடுவோம். உடலைக் காட்டுவதற்கு முன் இப்படிப்பட்ட உண்மைகளைத் தேடித் தீர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

அதற்கு மேலும் தேவையென்றால் முறை இதுதான். படப்பிடிப்புக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு, ஒவ்வொரு நடிகரிடமும் தனித்தனியாக உடல் வரைபடம் ஒன்றைக் கொடுங்கள். தொடலாம் என்ற இடத்துக்குப் பச்சை, கேட்டுத் தொடலாம் என்பதற்கு மஞ்சள், கூடாது என்பதற்குச் சிவப்பு. அதன்படி அசைவுகளை நடனம் போல எண்ணிக்கையோடு எழுதுங்கள்: ‘இடது கை தோளில், நான்கு எண்ணும் வரை, பிறகு விலகல்.’ எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அன்றைய காலையில்கூட அதைத் திரும்பப் பெறலாம் என்ற வரியும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். நடிகர் சம்மதித்ததைத் தாண்டி, ‘அந்த வேகத்தில் வந்துவிட்டது’ என்று இயக்குநர் எதையும் புகுத்தக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

அறைக்குள் இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், நெருக்கக் காட்சிகளைக் கவனிக்கும் ஒருவர் என நால்வர் போதும். மற்றவர்களின் கைத்தொலைபேசிகள் வெளியே ஒரு பெட்டியில். வெளி மானிட்டர் அணைந்திருக்க வேண்டும். இரு உடலுக்கும் நடுவில் நான்காக மடித்த துண்டோ யோகா விரிப்பின் வெட்டுத் துண்டோ வைத்தால் எதுவும் படாது, கேமராவுக்கும் தெரியாது. ‘கட்’ சொன்ன உடனே மேலங்கி கைக்கு வர வேண்டும். ஒலிக்காகக் குளிர்சாதனத்தை அணைத்தால் மூடிய அறை விரைவில் சூடேறும். இரண்டு டேக்குக்கு ஒரு முறை கதவைத் திறங்கள்.

எடுத்த கோப்புகளைக் கடவுச்சொல் போட்ட இரண்டு வட்டுகளில் மட்டும் வையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் ஒப்புதலின்றிப் பரப்புவது 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். படத்தில் பிள்ளைகள் இருந்தால், வன்முறையோ நெருக்கமோ வரும் காட்சியில் அவர்களின் ஷாட்டை வேறு நாளில், பெரியவர்களின் வசனம் இல்லாமல் எடுங்கள். கதவிடுக்கில் பார்க்கும் சிறுவனுக்கு, ‘உன் பூனை காணாமல் போய்விட்டது, தேடு’ என்று சொன்னால் போதும்.

புகை, மது, போதை, ஆயுதம்

இந்தப் பகுதியில் தவறு செய்தால் படத்தோடு நீங்களும் சிக்குவீர்கள்.

மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே 2018 பிப்ரவரி முதல் குற்றம். படத்துக்கான பொருள் என்பது சமாதானமாகாது. கையில் ஒரு சாதாரணப் பேனா உறை போதும். சிகரெட் பிடிக்க வயது 21. கீழ்த்தளம், நடைவழி, மாடிப்படி, பேருந்து நிறுத்தம் எங்கும் புகைக்கத் தடை. அங்கே எடுக்க வேண்டுமென்றால் பற்றவைக்காத சிகரெட், லைட்டரின் ‘கிளிக்’, வெட்டு. கதை 2020 ஜூலைக்குப் பிறகு நடப்பதாக இருந்தால் வண்ணப் பெட்டியைக் காட்டாதீர்கள். அந்த மாதம் முதல் இங்கே எல்லா சிகரெட் பெட்டியும் சின்னமில்லாத ஒரே மங்கல் நிறம்தான்.

பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் நீளம். விஸ்கிக்குப் பாலில்லாத தேநீர், பியருக்கு ஆப்பிள் சாற்றோடு சோடா. கண்ணாடியில் எழுத்துத் தெரியும் பாட்டில் வேண்டாம்.

போதைப்பொருள் விஷயத்தில் பயன்படுத்தும் கருவியை வைத்திருப்பதும் குற்றமாகலாம்; நிஜக் குழாய், நிஜ உபகரணம் எதையும் தொடாதீர்கள். எப்படித் தயாரிப்பது, எப்படி எடுத்துக்கொள்வது என்று படிப்படியாகக் காட்டும் காட்சியும், அதைக் கவர்ச்சியாகக் காட்டும் காட்சியும் படத்தை முற்றாக நிறுத்திவிடக்கூடியவை. மாவை மூக்கில் இழுக்கச் சொல்லாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும். பயன்பாட்டைக் காட்டுவதைவிட அதன் நிழல் பலமானது. விடுதலையான மகன் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகும் நாளில் அம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிநாட்டில் உட்கொண்டாலும் சிங்கப்பூரர்மீது இங்கே வழக்குப் பாயும். ஆகவே சாங்கி விமான நிலையத்தில் இறங்கி நிற்கும் ஓர் இளைஞனின் முகமே ஒரு முழுக் காட்சி.

போலித் துப்பாக்கியையும் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் கேட்காமல் வாங்கவோ இணையத்தில் தருவிக்கவோ வேண்டாம். கத்திக்கு ரப்பர் கத்தி. நிஜக் கத்தி மேசைமேல் இருக்கும் குளோசப்புக்கு மட்டும். ஷாட் முடிந்ததும் ஒருவர் அதைப் பெட்டியில் பூட்டி, நேரத்தை எழுதிவைக்க வேண்டும். கீழ்த்தளத்திலும் நடைவழியிலும் எடுக்க நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். சண்டைக் காட்சியென்றால் அருகிலுள்ள அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கும் முன்னரே தெரிவியுங்கள், எதிர் புளோக்கில் அறிவிப்பு ஒட்டுங்கள். ஐந்தாம் மாடியிலிருந்து பார்ப்பவருக்கு அது நிஜக் கொலையாகத் தெரியும், 999ஐ அழைப்பார்.

சென்னைப் படத்து லாக்கப்பைத் தோ பாயோவில் வைக்காதீர்கள். குடும்ப வன்முறைக் கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று இங்குள்ள நடைமுறையைப் படியுங்கள். மருத்துவமனைக்குப் போவார்கள், அறிக்கை கிடைக்கும், குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிப்பார்கள். மாதர் சாசனத்தின் புதிய திருத்தம் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த பிறகு, மனத்தளவிலான கொடுமையும் குடும்ப வன்முறை என்று தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. கை ஓங்காமலேயே ஒரு குடும்ப வன்முறைப் படத்தை எடுக்க இது வழிவிடுகிறது. கைத்தொலைபேசியைப் பிடுங்கி வைப்பது, செலவுக்கான வெள்ளியை எண்ணிக் கொடுப்பது, ஒரு வாரம் பேசாமல் இருப்பது.

வெட்டுக்குத் தயாராக எடுப்பது

நீங்கள் வண்ணம் தீட்டிய ஒவ்வொரு கணத்துக்கும் மூன்று ஷாட் எடுங்கள். ஒன்று, செயல் முழுதாகத் தெரிவது. இரண்டு, பாதிக்கப்படுபவரின் முகம் மட்டும். மூன்று, வேறெங்கோ பார்ப்பது: அடுப்பில் பொங்கும் பால், வாசல் செருப்பு அலமாரி, பக்கத்து வீட்டுச் சன்னல். மூன்றையும் ஒரே நீளத்துக்கு, முன்னும் பின்னும் இரண்டு நொடி கூடுதலாக எடுக்க வேண்டும். பின்னர் முதல் ஷாட்டை விட வேண்டி வந்தால் அந்த இடத்தில் மூன்றாவது அப்படியே உட்காரும், தாளம் கெடாது. மூன்றாவது ஷாட்டே மேலானது என்று படத்தொகுப்பில் தெரியவருவது அடிக்கடி நடக்கும்.

முதல் தொகுப்பு முடிந்ததும் ஒரு நேரப் பட்டியல் தயாரியுங்கள். கவனத்துக்குரிய ஒவ்வொரு கணத்துக்கும் நிமிடம், நொடி, நீளம், காரணம். எட்டு நொடி ரத்தத்தை மூன்று நொடியாக்கினால் என்ன இழக்கிறோம் என்று கதை தெரியாத இருவருக்கு இரண்டு வடிவத்தையும் காட்டிக் கேளுங்கள். இழப்பு ஒன்றுமில்லை என்றால் குறையுங்கள். இருந்தால் விடாதீர்கள், வகைப்பாடு உயரட்டும்.

விண்ணப்பமும் திரையிடலும்

பொதுவில் திரையிடும் படத்துக்கு வகைப்பாடு வேண்டும். நுழைவு இலவசம் என்பதால் விலக்கு வராது. முன்னோட்டமும் ஒரு படம்தான், அதற்கும் தனியே வாங்க வேண்டும். விண்ணப்பம் இணையம் வழி. துணைவசனம் பதிந்த இறுதி வடிவத்தைக் கொடுங்கள். கதைச்சுருக்கத்தில் கடுமையான காட்சிகளை மறைக்காமல், அவை எதற்காக வருகின்றன என்று இரண்டு வரி எழுதுங்கள். மதிப்பிடுபவர் சூழலையும் பார்ப்பவர் என்பதால் அந்த இரண்டு வரி வீண்போகாது. திரையிடல் தேதிக்கு ஒரு மாதமாவது முன்னால் அனுப்பினால், உயர்ந்த வகைப்பாடு வந்தாலும் வெட்டி மீண்டும் கொடுக்கவோ மேல்முறையீடு செய்யவோ நேரம் இருக்கும். முடிவு வரும்வரை சுவரொட்டியில் வயதை அச்சிடாதீர்கள்.

என்சி16 அல்லது அதற்கு மேல் வந்தால், நுழைவுச்சீட்டு விற்கும் பக்கத்திலேயே ‘கைக்குழந்தைக்கும் அனுமதி இல்லை’ என்று தமிழில் தெளிவாக எழுதுங்கள். வாசலில் அடையாள அட்டை பார்க்க இருவரை நிறுத்துங்கள்.

தற்கொலையையோ குடும்ப வன்முறையையோ தொடும் படமென்றால், முறையை விவரிக்கும் ஷாட் எதுவும் படத்தில் இருக்க வேண்டாம். முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்குவதற்கு முன், கறுப்புத் திரையில் உதவி எண்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்து நொடி நிறுத்துங்கள்: மனவுளைச்சலில் உள்ளோருக்கு எஸ்ஓஎஸ் 1767, வன்முறைக்கு ஆளானோருக்குத் தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000. விளக்கு போட்ட பிறகும் இருக்கையைவிட்டு எழாத ஒருவர் அரங்கில் இருக்கக்கூடும். எண்ணைக் குறித்துக்கொள்ள அவருக்குப் பத்து நொடி தேவை.